குரல் மாற்றிய சாட்சி

ஜூன் 3

மேல்வரிசையில் இன்னொரு பல்லையும் எடுக்க வேண்டும் என்றார் பல் டாக்டர். அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லித் தப்பித்து வந்தேன். வந்ததும் மேசையில் உட்கார்ந்து, நெடுநாளாகத் தள்ளிப்போட்டதைத் தொடங்குகிறேன்.

கல்லூரியில் அரசியல் பாடம் நடத்திய காலத்தில், இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு கேள்வியைத் தவறாமல் கொடுப்பேன்: 'சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் பங்கையும் அதற்கு அரசுகள் தரும் ஆதரவையும் விளக்குக.' பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதுவார்கள். நானும் பாதி படித்து மதிப்பெண் போட்டுத் தள்ளுவேன். இப்போது அதே கேள்வி என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. எழுதி அடுக்கினால்தான் எனக்கு மனம் ஒரு நிலையில் நிற்கும். எனவே, இனி எழுதப்போவதன் சுருக்கம்:

1. அந்த நீதிமன்றத்துக்குச் சொந்தமாகப் போலீஸ் கிடையாது. ஆளைப் பிடித்துக் கொடுப்பதும், ஆவணம் கொடுப்பதும், சாட்சிக்கு இடம் கொடுப்பதும் அரசுகள் செய்ய வேண்டியவை. செய்தால் உண்டு.

2. நம் நகரத்தில் சண்டை நடத்திய கர்னலை ஒரு நாடு பிடித்துக் கொடுத்தது. ஆகவே செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

3. நம் அரசின் ஆதரவு வாயளவில்.

4. என் மகள் அங்கே சாட்சி சொல்லப்போகிறாள். அவள் பேசும்போது மட்டும் நான் கேட்டால் போதும். மற்றவர்கள் சொல்வதைக் கேட்பது நீதிபதிகளின் வேலை. என்னால் ஆகாது.

5. தீர்ப்பு வந்ததும் அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

ஐந்துக்கும் ஆதாரம் இருக்கிறதா? முதல் மூன்றுக்கு இருக்கிறது.

ஜூன் 5

பூங்காவில் சரித்திர வாத்தியார். வேலையில் இருந்த காலமெல்லாம் பக்கத்து வகுப்பறை. இப்போது பக்கத்துப் பெஞ்சு. என்னைக் கண்டதும் ஆரம்பித்துவிட்டார்.

"என்ன சார், உங்க கோர்ட்டுல கர்னலுக்குத் தனி ரூமாம், டிவியாம். நாமளும் எதாவது பண்ணிட்டு உள்ள போயிடலாமா?"

சிரித்து வைத்தேன்.

"ஒரு கான்ஸ்டபிள் கூட இல்லாத கோர்ட்டு சார் அது. பெரிய நாட்டுக்காரன் மேல கை வைக்கச் சொல்லுங்க, பாப்போம்."

அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. பெரிய நாடுகளில் சில அதில் சேரவே இல்லை என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனாலும், சின்ன நாட்டில் செத்தவன் பெரிய நாட்டுக்காரன் பிடிபடும் வரை காத்திருக்க வேண்டுமா? இதை அவரிடம் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து இங்கே கேட்கிறேன். என் வீரம் இவ்வளவுதான்.

கிளம்பும்போது, "பாப்பா எப்படி இருக்கா? வெளிநாட்டு ஆஸ்பத்திரியில நல்ல சம்பளமாமே?" என்றார்.

"நல்லா இருக்கா சார்."

அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது என்பது நீதிமன்ற ஆட்கள் எங்களுக்குச் சொன்ன விதி. நீளமான பொய்தான் பிடிபடுமாம்.

ஜூன் 19

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

என் மகள் அரசு மருத்துவமனையில் நர்ஸ். நகரத்துக்குள் சண்டை நடந்த ஆண்டில், கர்னலின் ஆட்கள் வார்டில் இருந்த காயம்பட்டவர்களையும் அன்று வேலையில் இருந்த நர்ஸுகளையும் லாரியில் ஏற்றி, ஆற்றங்கரை விதைக் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். பல வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அன்பு என்று நினைத்தேனா, அல்லது பயமா? பயம்தான்.

சண்டை முடிந்தது. கர்னலின் ஆட்கள் பலர் அமைச்சகத்துக்குள்ளேயே நாற்காலி போட்டுக்கொண்டார்கள். கர்னல் கண் அறுவைச் சிகிச்சைக்காக வெளிநாடு போனபோது, விமான நிலையத்திலேயே அந்த நாட்டுப் போலீஸ் பிடித்து நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. பிறகு விசாரணையாளர்கள் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார்கள்.

"நான் போறேன்பா" என்றாள் உடனே.

"யோசிச்சுக்கோம்மா" என்றேன்.

என் மனைவி சமையலறையிலிருந்தே சொன்னாள்: "வந்ததுலேருந்து அவ அதத்தான் யோசிச்சிட்டிருக்கா. நீங்க வேற."

சாட்சி சொன்ன பிறகு இங்கே வாழ முடியாது. நீதிமன்றத்தின் சாட்சிப் பிரிவு அலுவலர் ஒரு பெண். எங்கள் மொழியைப் புத்தகத்தில் கற்றவர்; புத்தகம் போலவே பேசுவார். "கூட்டங்களில் ஆதரவுரை ஆற்றும் நாடுகள் பல, ஐயா. ஒரு சாட்சியை ஏற்றுக்கொள்கிறோம் என்று கையெழுத்திட்டவை சில. அவற்றில் இப்போது இடமளிப்பது ஒன்று. அதுவும் ஒருவருக்கு மட்டும்."

அந்த ஒன்று எது என்று எங்களுக்குத் தெரியக் கூடாது.

கிளம்பிய காலையில் மகள் எங்கள் இருவருக்கும் டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். நாங்கள் குடித்து முடித்த பிறகுதான் அவள் குடித்தாள். கிடங்கிலிருந்து வந்த நாள் முதல் அப்படித்தான். ஏன் என்று அதையும் கேட்டதில்லை.

ஜூலை 8

பல் எடுத்தாயிற்று. வலி இல்லை. மற்றபடி எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 9

விசாரணையை இணையத்தில் காட்டுகிறார்கள். மகளின் பழைய கம்ப்யூட்டரில் வருகிறது. பாதுகாக்கப்பட்ட சாட்சி என்றால் முகம் இருக்கும் இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள் அசையும். குரலையும் மாற்றிவிடுகிறார்கள், ஆணா பெண்ணா என்றே தெரியாமல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தடித்துக் கேட்கும்.

மனைவியைக் கூப்பிட்டேன். வர மறுத்துவிட்டாள். அவள் வேலை பார்த்ததெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில். ஒரு முறை பேசியவர் வருடம் கழித்துப் பேசினாலும் ஆளைச் சொல்லிவிடுவாள்.

"எனக்கு அவ குரல்தாங்க அவ. அதையே மாத்திட்டாங்கன்னா நான் எதக் கேக்கறது? நீங்க பாருங்க."

செப்டம்பர் 23

வந்துவிட்டாள்.

பெயர் இல்லை, ஓர் எண்ணைச் சொல்லித்தான் அழைத்தார்கள். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. அவசரப்படக் கூடாது என்று என்னையே அடக்கிக்கொண்டு, காரணங்களை அடுக்கிப் பார்த்தேன். பதில் சொல்லும் முன் ஒரு மூச்சு நிறுத்துகிறாள் — சின்ன வயதில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது நிறுத்துவது போலவே. இடது தோள், என் மகளுக்கு இருப்பது போலவே, சற்று இறங்கியிருக்கிறது. வக்கீல் தவறாகச் சொன்னால், "மன்னிக்கணும், அப்படி இல்லை" என்று தொடங்குகிறாள். வேலை நர்ஸ். இடம் அந்தக் கிடங்கு.

வேறு யாராக இருக்க முடியும்?

திரையைத் தொட்டேன். சூடாக இருந்தது. கம்ப்யூட்டர் பழசு.

செப்டம்பர் 24

எழுத முடிந்த வரை எழுதுகிறேன்.

கிடங்கின் முற்றத்தில் ஒரே குழாய். தினமும் காலையில் ஒரு வாளி மட்டும் பிடிக்க விடுவார்கள். காயம்பட்டவர்கள் நிறைய. யாருக்குக் கொடுப்பது என்று இந்தப் பெண்தான் சொல்ல வேண்டும். அது கர்னலின் உத்தரவு. அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பாராம். முதல் நாள் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றியிருக்கிறாள். கர்னல் வாளியைக் காலால் தட்டிக் கவிழ்த்துவிட்டு, "அப்படி இல்ல, தேர்ந்தெடு" என்றாராம்.

"தேர்ந்தெடுத்தீர்களா?" என்று கேட்டார் வக்கீல்.

மூச்சை நிறுத்தினாள்.

"தேர்ந்தெடுத்தேன்."

என் பொண்ணுடா. என் பொண்ணு. அந்த டம்ளர் தண்ணிய நான் தினமும் வாங்கிக் குடிச்சேனே, ஏம்மான்னு ஒரு வார்த்தை கேக்கலையே —

எழுத்து கோணுகிறது. நிறுத்துகிறேன்.

செப்டம்பர் 26

அவள் சாட்சியம் நேற்றோடு முடிந்தது. இன்று மூடிய அமர்வு. அடுத்த சாட்சி சொல்வதை யாரும் கேட்க முடியாது. திரையில் நீதிமன்றத்தின் முத்திரை மட்டும். நல்லது, என் வேலை முடிந்தது என்று வெளியே போய் முடி வெட்டிக்கொண்டேன். நன்றாகத் தூங்கினேன்.

அக்டோபர் 11

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளும் சுமக்க வேண்டும்.

இன்று அவளே கேட்டாள்: "தண்ணி குடிக்கறதுக்குக் கூடவா பஞ்சாங்கம் பாக்கறீங்க? டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கறீங்களே."

பல் கூசுகிறது என்றேன். அந்தப் பக்கம் பல்லே இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

நவம்பர் 14

மகளோடு போனில் பேச அனுமதித்தார்கள். பூட்டிக் கிடக்கும் ஒரு பயண அலுவலகத்தின் மாடியில் சிறிய அறை. மேசை, மூன்று நாற்காலி, ஒரு போன். அலுவலர் விதிகளைப் படித்தார். நான் எழுதிக்கொண்டேன். இடம் கேட்கக் கூடாது. பக்கத்தில் யார் யார் என்று கேட்கக் கூடாது. அங்கே மணி என்ன என்று கேட்கக் கூடாது. வானிலை கூடாது. வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் கூடவே கூடாது.

"மழை பெய்யுதான்னு கூடக் கேக்கக் கூடாதா?" என்றாள் மனைவி.

"கூடாது, அம்மா. குளிர் என்றாலோ வெயில் என்றாலோ பாதி இடம் தெரிந்துவிடும்."

"அப்ப நான் என்னத்தம்மா பேசறது? பொண்ணுகிட்ட எல்லாரும் அதத்தானே பேசுவாங்க?"

அலுவலர் முதல் முறையாகச் சிரித்தார்.

மனைவி முதலில் பேசினாள். "ஹலோ, கேக்குதா? லைன் தெளிவா இருக்கா?" எக்ஸ்சேஞ்ச் பழக்கம். பிறகு அதிகம் பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். "ம்… ம்… சொல்லு… சும்மா எதாவது சொல்லுடி." கடைசியில் போனை என்னிடம் தந்தாள்.

என் கையில் துண்டுச் சீட்டு வைத்திருந்தேன். உடம்பு, சாப்பாடு, தூக்கம் — இந்த வரிசை.

"உடம்பு நல்லா இருக்காம்மா?"

"நல்லா இருக்கேன்பா. பல்லு எடுத்தீங்களாமே, அம்மா சொன்னாங்க."

"சாப்பாடெல்லாம்?"

"நானே சமைக்கறேன். நீங்க சிரிக்காதீங்க."

"தூக்கம் வருதா?"

ஒரு மூச்சு நிறுத்தினாள். அதே நிறுத்தம். சீட்டு எங்கோ விழுந்தது.

"கண்ணு, நான் கேட்டேன்மா. நீ பேசின எல்லாத்தையும் கேட்டேன். அந்தக் குழாயடி… நீ பண்ணது தப்பில்லம்மா. உன் மேல எந்தத் தப்பும் —"

அலுவலர் எழுந்துவிட்டார். அவர் கை போனை நோக்கி வருகிறது. மகளின் குரல், அவளுடைய சொந்தக் குரல்:

"அப்பா… அது நான் இல்லப்பா."

"பின்ன நீ —"

தொடர்பு அறுந்தது.

"ஐயா, மன்னிக்க வேண்டும்" என்றார் அலுவலர். அதை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? வாழ்நாளில் ஒரு விதியையும் மீறாதவன். புல்லில் நடக்காதே என்று எழுதியிருந்தால் சுற்றிக்கொண்டு போகிறவன்.

பஸ்ஸில் பாதி வழியில் மனைவி, ஜன்னலைப் பார்த்தபடி: "போன்ல அவளுக்குப் பின்னாடி ஒரு பறவை கத்துச்சுங்க. நம்ம பக்கத்துல அப்படி ஒண்ணு கிடையாது."

நவம்பர் 15

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திரையில் பார்த்தது, வாளி, கர்னலின் நாற்காலி, நான் அடுக்கிய காரணங்கள். முடித்ததும் கேட்டாள்:

"அப்ப அது யார் பெத்த பொண்ணு?"

நவம்பர் 16

மறைப்பதில் பயனில்லை. அது நான் இல்லை என்று அவள் சொன்ன கணத்தில் எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. வாளியும் இல்லை, தேர்வும் இல்லை, என் மகள் தப்பினாள் என்று. வேறொருத்தியின் தலையில் அதைத் தூக்கி வைத்துவிட்டு மகிழ்ந்தேன்.

அது நீடிக்கவுமில்லை. கிடங்கில் இருந்த நர்ஸுகளில் திறந்த அமர்வில் பேசியவள் அந்தப் பெண் ஒருத்திதான். அப்படியானால் என் மகள் எப்போது பேசினாள்? மூடிய அமர்வில்தான் பேசியிருக்க வேண்டும். நான் முடி வெட்டிக்கொள்ளப் போன அன்று. முகத்தையும் குரலையும் மாற்றினால் போதும் என்று அந்தப் பெண்ணுக்கு நினைத்தவர்கள், என் மகள் சொல்வதை வெளியே யாருமே கேட்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். எவ்வளவு இருந்தால் அப்படி மூடுவார்கள்?

அந்தத் தண்ணீர் டம்ளருக்கு என்ன அர்த்தம்? அவள் வாளியின் எந்தப் பக்கம் நின்றாள்?

எனக்குத் தெரியப்போவதில்லை.

டிசம்பர் 20

அலுவலர் வந்தார். உட்காரச் சொன்னோம், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

நடந்ததை அவர் அறிக்கையில் எழுதியாக வேண்டுமாம். எழுதிவிட்டார். இடம் தந்த நாடு விளக்கம் கேட்டதாம். அங்கே அவளை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மறு முடிவு வரும் வரை போன் இல்லை.

"அந்த நாட்டைக் குறை சொல்ல முடியாது, ஐயா. அவர்கள் கதவை மூடினால் தட்டுவதற்கு எங்களிடம் வேறு கதவு இல்லை."

"தீர்ப்பு வந்துட்டா திரும்பி வந்துடலாமில்லையா?" என்று கேட்டேன். மனைவி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"தீர்ப்பு கர்னலுக்கு மட்டும்தான், ஐயா. அவருடைய ஆட்கள் இங்கேதானே இருக்கிறார்கள்?"

பத்து மதிப்பெண் கேள்வியை இத்தனை வருடம் கொடுத்தேன். ஒரு பையனும் இதை எழுதவில்லை. எழுதியிருந்தாலும், பாடத்தில் இல்லை என்று அடித்திருப்பேன்.

பிப்ரவரி 11

நீதிமன்றத்திலிருந்து நம் நாடு விலக வேண்டும் என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கம் அறிக்கை விடுகிறதாம். சரித்திர வாத்தியார் பூங்காவுக்கே தாளோடு வந்துவிட்டார்.

"அரசியல் பாடம் நடத்தினவர் கையெழுத்து இல்லன்னா எப்படி சார்? முதல் பேரே உங்க பேரா இருக்கட்டும்னு இடம் விட்டு வச்சிருக்கேன்."

"எனக்கு இப்ப இதிலெல்லாம்…"

"நம்ம ஆளு தப்பு பண்ணா நம்ம கோர்ட்டு கேக்காதா? என்ன சார் தயக்கம்? பொண்ணு வெளிநாட்டுல இருக்கான்னு நீங்களும் அந்தப் பக்கம் சாய்ஞ்சிட்டீங்களா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். முகத்தில் வேறொன்றும் இல்லை. ஆனால் பக்கத்துப் பெஞ்சில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பொண்ணு, வெளிநாடு, அந்தப் பக்கம் — மூன்று சொல்லும் ஒரே வாக்கியத்தில். போட மாட்டேன் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்று யாராவது யோசிக்கத் தொடங்கினால்?

போட்டேன். முதல் இடத்தில்.

மனைவியிடம் சொன்னபோது, "சரி, அவ உசிரோட இருக்கணும்ல" என்றாள். அதன் பிறகு என் தட்டில் சாப்பாடு வைத்துவிட்டு, அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

சுருக்கத்தின் மூன்றாவது குறிப்பில், ஆதரவு வாயளவில் என்று நம் அரசைப் பற்றி எழுதினேன். என்னைப் பற்றி எழுத இடம் விடவில்லை.

மார்ச் 2

நாடாளுமன்றத்தில் விலகல் தீர்மானம் நிறைவேறியது. நடக்கும் வழக்கை அது பாதிக்காது; சட்டம் எனக்குத் தெரியும். ஆனால் அலுவலரின் விசாவைப் புதுப்பிக்கவில்லை. மாடி அறையைக் காலி செய்கிறார்கள். விடைபெற வந்தவரின் இரண்டு கையையும் மனைவி பிடித்துக்கொண்டாள். "அவள பாத்தீங்கன்னா…" என்று ஆரம்பித்து, விதி நினைவுக்கு வந்ததுபோல் நிறுத்திக்கொண்டாள்.

மே 17

மகளின் பிறந்த நாள்.

ஆகஸ்ட் 27

தீர்ப்பு. கர்னல் குற்றவாளி.

தலைமை நீதிபதி சுருக்கத்தை வாசித்தார். விதைக் கிடங்கு பற்றிய பகுதியில், குழாயடியில் நின்ற சாட்சியை எண் சொல்லிக் குறிப்பிட்டு, அவர் சொன்னதை முழுவதும் நம்புவதாகச் சொன்னார். தேர்ந்தெடுத்தது அந்த நர்ஸ் அல்ல, அப்படி நிற்க வைத்தவர்தான் என்றார். தடுமாறி, ஆள் மாறி, போனில் நான் சொல்ல வந்ததும் இதைத்தான்.

மூடிய அமர்வுச் சாட்சியங்கள் பற்றி ஒரே வரி: அவையும் தீர்ப்புக்கு உதவின.

அந்த ஒரு வரியில் என் மகள் இருக்கிறாள்.

மாலையில் சரித்திர வாத்தியார், "நாம விட்ட கோர்ட்டு விட்டதுதான், தீர்ப்பு சொல்லி என்ன சார்" என்றார். பிறகு, "பாப்பா இந்த வருஷமும் லீவுல வரலையா?" நல்லா இருக்கா சார் என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது வீட்டு வாசலில்தான் உறைத்தது.

ஆகஸ்ட் 30

மதியம் மனைவி தானாகவே ஒரு நாற்காலியை இழுத்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் போட்டாள்.

"அந்தப் பொண்ணு பேசினது இன்னும் இருக்கா இதுல?"

"இருக்கு."

"முதல்லேருந்து போடுங்க."

"குரல் மாத்தினது உன்னால கேக்க முடியாதுன்னியே?"

"அவளப் பெத்தவங்க இருக்காங்களோ, இல்லையோ. இருந்தாலும் இது அவதான்னு அவங்களுக்குத் தெரியுமோ என்னமோ. போடுங்க."

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒருபுறம் சாய்த்து, வேலையில் இருந்த காலத்தில் கேட்டது போலக் கேட்டாள். வாளி கவிழும் இடம் வந்தபோது என் கையைத் தேடிப் பிடித்தாள். "இவ அழல, பாத்தீங்களா. தொண்டைய அடச்சுக்கிட்டுப் பேசறா" என்றாள். அந்தக் கிணற்றுக் குரலில் அது எப்படித் தெரிகிறது என்று நான் கேட்கவில்லை.

முடிந்ததும் அவள், இதற்கு முன்னால் பேசியவர்கள் யார் யார், அவர்கள் சொன்னதும் இருக்கிறதா என்று கேட்டாள். நிறைய இருக்கிறது என்றேன். நாளை ஒன்று கேட்கலாம் என்றாள்.

சுருக்கத்தை எடுத்துப் பார்த்தேன். மகள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்ற ஐந்தாவதை இன்னும் அடிக்க மனம் வரவில்லை, அப்படியே கிடக்கட்டும். அவள் பேசும்போது மட்டும் கேட்டால் போதும், மற்றவர்கள் சொல்வது என் வேலையில்லை என்று எழுதியிருக்கிறேன்.

நான்காவது தவறு.